வாழை மூட்டில் நானோ வெள்ளி: வேரடி நுண்ணுயிர்கள் என்னவாகும்?

வாசகர் கேள்வி: ஐயா, களக்காடு பக்கம் நாலு ஏக்கர் வைத்திருக்கிறேன். இரண்டில் ரசகதலி வாழை. இரண்டில் பிசானப் பருவ நெல், அறுத்த பின் உளுந்து. வாழை நிலம் மணல் கலந்த செம்மண். போன வருசம் வாடல் நோயில் நூற்றுக்கு மேல் வாழை போய்விட்டது. உரக்கடை அண்ணாச்சி ஒரு நானோ வெள்ளிக் கரைசல் கொடுத்தார். பாட்டிலில் 500 பி.பி.எம். என்று போட்டிருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லி கலந்து, மாதம் ஒரு தடவை ஒவ்வொரு வாழை மூட்டிலும் ஒரு லிட்டர் ஊற்றச் சொன்னார். நாலு தடவை ஊற்றிவிட்டேன். ஆள் கூலி மிச்சம் என்று நோயை அடக்கும் சூடோமோனாஸ், தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும் அசோஸ்பைரில்லம் என்ற இரண்டு நல்ல பாக்டீரியாக்களையும் அதே டிரம்மில் கலந்தேன். இப்போது அடி இலைகள் வெளுத்துத் தெரிகின்றன. யூரியா வைத்தும் பச்சை ஏறவில்லை. வெள்ளி நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும் என்று மகன் சொல்கிறான். உண்மையா? உளுந்து விதையையும் இதில் நேர்த்தி செய்யலாமா? நெல்லுக்கு அடிக்கலாமா?

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. வெள்ளிக்கு நல்லது கெட்டது தெரியாது. ஆனால் கொல்லுமா என்று கேட்பதை விட, ஒரு கிலோ மண்ணுக்கு எவ்வளவு வெள்ளி போய்ச் சேர்கிறது என்று கேட்பதுதான் பயன் தரும். விடை முழுக்க அந்தக் கணக்கில் இருக்கிறது. அதை முதலில் போட்டுப் பார்ப்போம்.

500 பி.பி.எம். என்றால் ஒரு லிட்டர் கரைசலில் 500 மில்லிகிராம் வெள்ளி. இலைத் தெளிப்பாக லிட்டருக்கு 2 மில்லி வீதம் ஏக்கருக்கு 200 லிட்டர் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 400 மில்லி மருந்து, அதில் 200 மில்லிகிராம் வெள்ளி. ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அடித்தது முழுவதும் மண்ணில் விழுந்தாலும் கிலோவுக்கு 0.0002 மில்லிகிராம்தான் சேரும். அந்த அளவுக்கு மண் அசையாது.

நீங்கள் செய்தது வேறு. லிட்டருக்கு 5 மில்லி என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 2.5 மில்லிகிராம் வெள்ளி. மணற்பாங்கான மண்ணில் ஒரு லிட்டர் தண்ணீர் ஐந்து முதல் ஏழு கிலோ மண்ணைத்தான் நனைக்கும். ஆக, வாழையைச் சுற்றி வேர் நெருக்கமாக ஓடும் அந்தக் கொஞ்ச மண்ணில் கிலோவுக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் வெள்ளி. நாலு தடவை ஊற்றியதில் 2 மில்லிகிராம் வரை சேர்ந்திருக்கும். பூச்சிமருந்து நாளாவட்டத்தில் சிதையும். வெள்ளி உலோகம், சிதையாது. வடிவம் மாறிக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

இந்த அளவு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு ஒப்பீடு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்தவெளியில் தொட்டிகளில் செடி வளர்த்து, கழிவுச் சேற்றோடு நானோ வெள்ளி சேர்த்தார்கள். அளவு மண் கிலோவுக்கு 0.14 மில்லிகிராம். அதற்கே மண்ணின் நுண்ணுயிர்த் தொகை மூன்றில் ஒரு பங்கு வாக்கில் குறைந்தது. தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக வெளியேறுவது நாலரை மடங்கு கூடியது. உங்கள் வாழை மூட்டில் ஒரே ஊற்றில் சேர்வது அதைப் போல மூன்றரை மடங்கு. வேறு நாட்டு மண், வேறு செடி என்பதால் அதே எண்களை உங்கள் வயலில் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் மாதாமாதம் ஊற்றுவதை நிறுத்த இது போதுமான காரணம்.

வெள்ளி எப்படிக் கொல்கிறது? நானோ துகள் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கைக் கொண்டு அளக்கும் பொடி. 100 நானோமீட்டருக்குள் இருக்கும். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு வெளிப்பரப்பு பல மடங்காகும். அந்தப் பரப்பிலிருந்து வெள்ளி அயனிகள் கரைந்து வந்துகொண்டே இருக்கும். அயனி பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகப் பிடிப்பில் போய் ஒட்டி நொதியை முடக்கும், உயிரணுவின் சவ்வை ஓட்டையாக்கும். துகளும் சவ்வில் ஒட்டி நின்று இதையே செய்யும். மெல்லிய சுவருள்ள பாக்டீரியாக்கள் பொதுவாக முதலில் விழும். சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம், பயறு வேரில் முடிச்சு கட்டும் ரைசோபியம் மூன்றும் அந்த வகை. நீங்கள் காசு கொடுத்து வாங்கி விடுகிற அத்தனையும். பேசில்லஸ் போன்றவை தடித்த சுவரும் உறங்கு வித்தும் உள்ளவை, ஓரளவு தாங்கும். நோய்ப் பூசணத்தை அடக்க விடும் டிரைக்கோடெர்மா தானும் ஒரு பூசணம், ஆகவே பாக்டீரியாவை விடத் தாக்குப்பிடிக்கும்.

மண்ணில் எல்லாவற்றையும் விட மென்மையானவை, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள். யூரியாவை அம்மோனியாவாக உடைக்க மண்ணில் எத்தனையோ வகை நுண்ணுயிர்கள் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று செய்யும். அடுத்த படியைச் செய்பவை சில இனங்களே. அவையும் மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டிக்கும், இவற்றுக்கு நல்ல சூழலிலும் எட்டு மணி முதல் ஒரு நாள் வரை ஆகும். அடி வாங்கினால் எழுந்திருக்க வாரக்கணக்காகும். அதற்குள் நீங்கள் அடுத்த மாத ஊற்றை ஊற்றிவிடுகிறீர்கள்.

வாழை போன்ற புன்செய்ப் பக்குவப் பயிர்கள் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாக எடுப்பவை. எனவே யூரியா வைத்தும் பச்சை ஏறாததற்கு இது காரணமாக இருக்கலாம். ஆனால் இலை வெளுப்பை வைத்து மட்டும் வெள்ளியைக் குற்றவாளியாக்க மாட்டேன். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும், இலைக்காம்பில் இளஞ்சிவப்பு ஏறும். வாடல் நோய் என்றால் மஞ்சள் இலையின் ஓரத்தில் தொடங்கி நடு நரம்பை நோக்கி வரும், காம்பு மடிந்து இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். சந்தேகமான ஒரு வாழையைச் சாய்த்துத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். செம்பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் வளையமாகத் தெரிந்தால் வாடல்தான். கிழங்கு கொழகொழத்து நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல், வேறு சங்கதி.

வாடல் இல்லையென்றால் வெள்ளிதான் காரணமா என்று வயலிலேயே சோதிக்கலாம். ஒரே வயதுள்ள பத்து வாழைகளைத் தேர்ந்தெடுங்கள். ஐந்துக்கு ஆளுக்கு 50 கிராம் யூரியா. மற்ற ஐந்துக்கு 150 கிராம் கால்சியம் நைட்ரேட். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு, கால்சியம் நைட்ரேட்டில் 15.5 விழுக்காடு, எனவே இரண்டிலும் போய்ச் சேர்வது ஏறக்குறைய 23 கிராம்தான். கால்சியம் நைட்ரேட் மணல் மண்ணில் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அதை 75 கிராமாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் வையுங்கள், யூரியாவையும் அதேபோல் 25 கிராமாகப் பிரியுங்கள். மூன்று வாரம் கழித்து நைட்ரேட் வைத்தவை மட்டும் தெளிவாகப் பச்சை கட்டினால், மண்ணில் நைட்ரேட் ஆக்கும் வேலை தடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டும் ஒன்றுபோலப் பச்சையானால் குறை உர அளவில்தான். இரண்டும் தேறாவிட்டால் வேரைத் தோண்டிப் பாருங்கள், நூற்புழு இருக்கலாம். கரைசல் ஊற்றாத வாழை நாலைந்து ஓரத்தில் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பாருங்கள், முடிவு இன்னும் உறுதிப்படும்.

இனி அந்த டிரம். உங்கள் கடிதத்தில் மனதை வருத்திய இடம் அதுதான். திரவ உயிர் உரத்தில் மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. அவ்வளவு உயிரையும் வெள்ளி கலந்த தெளிந்த தண்ணீரில் விட்டால், மண்ணில் கிடைக்கும் பாதுகாப்பு எதுவும் அவற்றுக்கு இல்லை. மண்ணில் உள்ள மட்கு, களிமண் இரண்டும் வெள்ளியைப் பிடித்து வைக்கும். டிரம்மில் பிடிப்பதற்கு அந்த பாக்டீரியாக்களே உண்டு. சில மணி நேரத்தில் பெரும்பகுதி செத்துவிடும். நீங்கள் வாழைக்கு ஊற்றியது சூடோமோனாஸ் அல்ல, அதன் பிணம். பஞ்சகவ்யம், மீன் அமிலம் கலந்தாலும் இதே கதை, இன்னொரு நஷ்டத்தோடு: அவற்றின் கரிமப்பொருள் வெள்ளியையும் கட்டிப்போடும், ஆக மருந்தும் வேலை செய்யாது, நுண்ணுயிரும் மிஞ்சாது. தாமிர மருந்தும் அப்படித்தான். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்தால் அதில் ஒன்றேகால் கிராம் தாமிரம் இருக்கிறது. எடைக்கு எடை வெள்ளி பாக்டீரியாவுக்குப் பல மடங்கு கொடியது. ஆனால் தாமிரத்தின் அளவு நூற்றுக்கணக்கான மடங்கு. நானோ என்ற சொல்லுக்காக மட்டும் பயப்பட வேண்டாம், பழைய மருந்து என்பதற்காக நிம்மதி கொள்ளவும் வேண்டாம்.

நெல்லுக்கு வருவோம். நெல் வயலில் நிலைமை வேறு, அங்கே கவலை குறைவு. தொளியில் தண்ணீர் நின்று காற்றுப் புகாமல் போனால் மண்ணில் சல்பைடு உண்டாகும். சேற்றை மிதிக்கும்போது அழுகிய முட்டை வாடை வருகிறதே, அதுதான். வெள்ளி சல்பைடோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறிவிடும். வீட்டில் வெள்ளிக் கொலுசும் வெள்ளிக் குத்துவிளக்கும் கறுப்பது இதே வினை. அது தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகக் கரையும், எனவே நஞ்சும் பெருமளவு குறையும். நெல் தழைச்சத்தை அம்மோனியாவாகவே எடுத்துக்கொள்ளும் பயிர் என்பதால், நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா தளர்ந்தாலும் நெல்லுக்கு இழப்பில்லை. வேப்பெண்ணெய் பூசிய யூரியா செய்வதும் அதைத் தாமதப்படுத்துவதைத்தான். இருந்தாலும் நெல்லுக்கு இதை அடிக்கச் சொல்ல மாட்டேன். குலை நோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் பதிவு பெற்ற, அளவு தெரிந்த மருந்துகள் இருக்கின்றன. தண்ணீரில் மிதக்கும் பெரணியான அசோலா, அசோஸ்பைரில்லம் விடும் வயலில் இதற்கு இடமே இல்லை. இன்னொன்று: நெல் வயலில் அடங்கிக் கிடக்கும் வெள்ளி, அறுப்பு முடிந்து மண் காய்ந்து காற்றுப் புகும்போது கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி வெளிவர வாய்ப்புண்டு. உளுந்து விழுவது அந்த மண்ணில்தான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சையாற்றுத் தண்ணீரில் கலந்தால் நானோ வெள்ளி மங்கலான மஞ்சளாகத் தெரியும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறமாகி அடியில் படியும். அது நானோ அல்ல, வெறும் வெள்ளித் தூள். பாட்டிலில் இருப்பது துகளா, வெள்ளி நைட்ரேட் கரைசலா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் கல்லுப்புத் தண்ணீர் எடுத்து இரண்டு கரண்டி மருந்து விடுங்கள். பால் போல் வெளுத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கரைந்த வெள்ளி அயனி, இன்னும் வேகமாகக் கொல்லும் வகை. சாம்பலாகத் திரண்டால் துகள். சில பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்திருப்பார்கள். வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் ஒரு துளி விட்டால் பொங்கி நுரைக்கும். பெராக்சைடு ஒன்றிரண்டு நாளில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் போய்விடும், வெள்ளி மட்டும் தங்கும். சோதித்த தண்ணீரைத் தொட்டியிலோ ஓடையிலோ கொட்டாமல் மண்ணில் தனியாக ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்து நாட்கணக்கில் போகாது.

லேபிளில் இன்னும் ஒன்றைத் தேடுங்கள். நோயைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் எதுவும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகியவற்றில் ஒரு நிறம் பூசிய சாய்சதுரமும் இருக்கும். இவை இல்லாமல் வளர்ச்சி ஊக்கி என்று மட்டும் போட்டு, வாயால் வாடலுக்கு மருந்து என்று விற்றால் வாங்காதீர்கள். நானோ யூரியா, நானோ டி.ஏ.பி. இவற்றோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அவை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரும் இலைவழிச் சத்துகள், நுண்ணுயிர்க்கொல்லி அல்ல.

வாழை மண்ணைச் சரிசெய்வது இப்படி. வெள்ளியை எடுத்துவிட முடியாது, கட்டிப்போடத்தான் முடியும். நன்கு மட்கிய தொழு உரம் மூட்டுக்கு ஐந்து கிலோ போட்டு மண்ணோடு லேசாகக் கிளறிவிடுங்கள். மட்கில் உள்ள கந்தகப் பிடிப்புகள் வெள்ளியை ஈர்த்து வைத்துக்கொள்ளும், அதாவது நொதிக்குப் பதிலாக அது மாட்டிக்கொள்ளும். மட்காத சாணி வேண்டாம், அது அழுகும்போது வேரைச் சுடும். இலைச் சருகை வைத்து மூடி, மூன்று வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஏக்கருக்கு ஒரு கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி நாலைந்து நாள் வைத்து, மாலை வெயில் தணிந்த பின் மூட்டைச் சுற்றிப் போட்டு மண் அணையுங்கள். மூன்று வாரம் முடியுமுன் போட்டால் மறுபடி காசு நஷ்டம்.

உண்மையில் வாடலுக்கு இந்த ஊற்று பெரிதாக உதவாது. வாடலை உண்டாக்கும் பூசணம் தடித்த சுவருள்ள வித்தாக மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும், வாழைக்குள் போனால் சாற்றுக்குழாய்க்குள் இருக்கும். மூட்டில் ஊற்றும் வெள்ளி இரண்டு இடத்துக்கும் போய்ச் சேராது. வழியில் நிற்கிற காவல்காரர்களான நல்ல நுண்ணுயிர்களைத்தான் கொல்லும். வாடிய வாழையைக் கிழங்கோடு பெயர்த்து வெளியே எரித்துவிட்டு, குழிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அந்தத் தோட்டத்துப் பக்கக்கன்றை எடுத்து வேறெங்கும் நடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். ரசகதலி இந்த நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் ரகம். தண்ணீர் வசதி இருந்தால் வாழை வயலை ஒன்றிரண்டு பூ (போகம்) நெல்லுக்கு மாற்றுங்கள். தண்ணீர் நிற்கும் சேற்றில் பூசணத்தின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் மாறி மாறி வந்ததற்கு இந்தப் பலனும் உண்டு.

மண்ணின் உயிர் மீள்கிறதா என்று பார்க்கப் பழைய பருத்தி வேட்டி போதும். ஒரு சாண் சதுரத் துண்டுகளாக வெட்டி எடை போட்டு, கரைசல் ஊற்றிய மூட்டில் மூன்றும் ஊற்றாத இடத்தில் மூன்றும் அரையடி ஆழத்தில் புதையுங்கள். பாலியஸ்டர் கலந்த துணி உதவாது. இரு இடத்திலும் ஒரே ஈரம் இருக்க வேண்டும். 45 நாள் கழித்து எடுத்து, மண் போக அலசி, காயவைத்து எடை பாருங்கள். நல்ல மண்ணில் துணி கந்தலாகியிருக்கும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் நுண்ணுயிர் எண்ணிக்கை பார்க்கக் கேட்பதானால், வழக்கமான மண் பரிசோதனைக்குப் போல மண்ணை உலர்த்தாதீர்கள். ஈரமாகவே பையில் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும்.

கடைசியாக உளுந்து. விதையை நானோ வெள்ளியில் நேர்த்தி செய்யவே வேண்டாம். விதையின் தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளியின் மேல்தான் ரைசோபியம் உட்கார வேண்டும், அது பிழைக்காது. விதைப்புக்கு முந்தின நாள் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து வையுங்கள். மறுநாள் ஆறிய அரிசிக் கஞ்சியில் 200 கிராம் ரைசோபியம் பொட்டலத்தைக் கரைத்து, பத்து கிலோ விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். நெல் அறுப்புக்கு ஐந்து முதல் பத்து நாள் முன்னால், மண் ஈரமாக மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதையைத் தூவுவது நம் பக்கத்து வழக்கம், அது நல்லது. 30 முதல் 35-ஆம் நாளில் பத்துச் செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசி, முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே உதிர்ந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து கட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அப்போது இரண்டு விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைப் பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் இலைவழியாகக் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.